கெர்பினின் சூரியனும் எங்கள் ஊர்ச் சூரியனும்

கொடைக்கானலில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வீட்டுக்குள் அடைத்துவைத்த விடுமுறை ஒன்றில், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் நச்சரிப்பு தாங்காமல் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்னும் கணினி விளையாட்டை வாங்கினேன். 2015இல் முழுப் பதிப்பாக வெளிவந்த இதில், ராக்கெட்டை நாமே பூட்டி, கெர்பின் என்னும் கற்பனைக் கோளிலிருந்து அதன் நிலாக்களுக்கும் பிற கோள்களுக்கும் ஏவ வேண்டும்.

கெர்பின் நம் பூமியைப் பார்த்துச் செய்த பொம்மை. பூமியின் ஆரம் 6,371 கி.மீ.; கெர்பினுக்கு 600 கி.மீ.தான். ஆனால் தரையில் ஈர்ப்பு மட்டும் நம்முடையதேதான். இத்தனை சிறிய உருண்டை அவ்வளவு வலுவாக இழுக்க வேண்டுமானால், அதன் அடர்த்தி பூமியைப்போல் பத்து மடங்குக்கு மேல், ஆஸ்மியம் என்னும் மிக அடர்ந்த உலோகத்தைப்போல் இரண்டரை மடங்கு இருந்தாக வேண்டும். அப்படி ஒரு பாறை எங்கும் கிடையாது. இந்தப் பொய்யைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. பூமியைத் தாழ்வாகச் சுற்ற விநாடிக்கு 7.8 கி.மீ. வேகம் தேவைப்பட, இங்கே 2.3 கி.மீ. போதும் என்பதால்தான் போட்ட தேநீர் ஆறுவதற்குள் கலம் சுற்றுப்பாதைக்கு ஏறிவிடுகிறது.

அளவில் பொய் சொன்னாலும் இயக்கத்தில் இது பொய் சொல்வதில்லை. ஒரே பாதையில் முன்னால் செல்லும் கலத்தைப் பிடிக்க என் மகன் வேகத்தைக் கூட்டினான். பாதை உயர்ந்து, கலம் இன்னும் பின்தங்கியது. வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கினால்தான் முந்தலாம் என்பதை மூன்று நாள் எரிபொருளை வீணாக்கி அவனே கண்டுபிடித்தான். பாதை உயர உயரச் சுற்றிவர அதிக நேரமாகும் என்று பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் முடிந்துபோகும் கெப்ளர் விதி அவன் விரல்களில் ஏறிவிட்டது. கலத்தில் உதிரிபாகங்கள் கூடக் கூட எங்கள் பழைய மடிக்கணினி திணறியது என்பதையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

என் மனக்குறை சூரியனைப் பற்றியது. 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த ஆய்வகம் இருக்கும் கொடைக்கானல்காரனுக்கு, கெர்பால் என்னும் இந்த விளையாட்டுச் சூரியன் வெறும் விளக்காகவே தெரிகிறது. பெரிய நிலாவின் பாதை சிறிதும் சாயாததால் கிரகணம் ஆறரைக் கெர்பின் நாளுக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. நம் நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் 2019 டிசம்பர் 26இல் திண்டுக்கல் வழியே சென்ற வளையக் கிரகணம் அபூர்வக் காட்சியாக இருந்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இங்கே கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளோ சூரியனோதான் இழுக்கும். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2இல் இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்1 விண்கலம் நிற்கும் இடமோ, சூரியனும் பூமியும் சேர்ந்து இழுப்பதால் உண்டாவது; அதனால்தான் அது பூமியை முந்தாமல் கூடவே சுற்றுகிறது. அதில் உள்ள சூரிய ஒளிவட்டக் கருவியைச் செய்தது, எங்கள் ஊர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் மையமே. அந்தப் பெருமையில் மகன் ஓர் ஆதித்யாவைக் கட்டி, கெர்பினுக்கும் கெர்பாலுக்கும் நடுவே கொண்டுபோய் விட்டான். உள்வட்டப் பாதையில் வேகம் கூடுதல் என்பதால் அது கெர்பினை முந்திக்கொண்டு நகரத் தொடங்கியது.

"அப்பா, ஆதித்யா நிக்காம ஓடுதுப்பா" என்றான். நான்கு முறை திருத்தி அனுப்பினான், நான்கும் ஓடின.