மிலிட்டரி ஜீப் ஹேண்ட் பிரேக்: கேபிளை விடுங்க, சீலைப் பாருங்க

ராணுவ ஏலத்தில் போன மஹிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்று சல்லிசான விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். இன்ஜின், கியர் சமாச்சாரம் அவருக்கே அத்துப்படி. என்னிடம் இருக்கும் அதே ரக வண்டியில் வருஷக்கணக்காக உயிரை வாங்கிய ஹேண்ட் பிரேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோத்தகிரி மேட்டில் நிறுத்தி டேஷ்போர்டு கைப்பிடியை முழுக்க இழுத்தாலும் வண்டி மெதுவாக நகரும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேபிளை இறுக்கித் தருவார்கள். சில நாள் நிற்கும், அப்புறம் பழைய கதைதான். எரிச்சலாக வருகிறது. கோளாறு கேபிளில் இல்லவே இல்லை!

இந்த பிரேக் சக்கரத்தில் கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கம், பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் தொடங்குமிடத்தில் ஒரே ஒரு ட்ரம். ஒட்டினாற்போல் உள்ளே, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல். அது கசிந்தால் 90 கியர் ஆயில் நேராக லைனருக்கு, அதாவது ட்ரம்மை உரசிப் பிடிக்கும் பட்டைக்குப் போகும். என் வண்டியில் ட்ரம்மைக் கழற்றியதும் கந்தக வாடை குப்பென்று அடித்தது. லைனர் ஒட்டிய ஷூ இரண்டும் கறுத்து ஊறிக் கிடந்தன. ஷாஃப்டை டிரான்ஸ்பர் கேஸோடு இணைக்கும் யோக்கில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. பள்ளத்தை மூடும் உறையாக ஸ்லீவ் ஏற்ற வேண்டும், இல்லையேல் யோக்கை மாற்ற வேண்டும். காற்றுப் போகும் துளையான பிரீதர் அடைத்திருந்தாலும் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும். ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டவே கூடாது, புதுசு போடுங்கள். பிறகு கைப்பிடியை முழுக்க உள்ளே விட்டு, ட்ரம் ஓட்டை வழியாக அட்ஜஸ்டரை ஷூ பிடிக்கும்வரை திருகி, ஏழு பல் பின்னால் விட வேண்டும். கேபிளைக் கடைசியில் தொட்டால் போதும்.

எண்ணெய் படாதவரை இது அருமையான பிரேக். ஷாஃப்டைப் பிடிப்பதால் பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதியான டிபரன்ஷியல் அந்தப் பிடியை ஏறக்குறைய 5 மடங்காக்கிச் சக்கரத்துக்குத் தருகிறது. ஃபோர் வீலும் போட்டுவிட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து நிற்கும். ஹைட்ராலிக் பிரேக் மொத்தமாகப் போனாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும்: பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் இதை நம்பவே நம்பாதீர்கள். தூக்கிய சக்கரம் சுழல, வண்டி உருண்டுவிடும். கட்டை வைத்தே தீர வேண்டும்.

இப்போது என் ஜீப் எந்த மேட்டிலும் அசையாமல் நிற்கிறது. ஆனாலும் அடியில் குனிந்து ட்ரம்மைப் பார்க்காமல் அதை விட்டு நகர எனக்கு மனசு வருவதில்லை. நண்பருக்கு மேட்டில் வீடு. வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.