பஞ்சாயத்து ஏரியாவில் செட்பேக் கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

திருச்சிக்கு வெளியே ஓர் ஊராட்சியில் 30-க்கு 40 மனை வாங்கி வீடு கட்டினேன். மாடி கான்கிரீட் போட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை, இப்போது வடக்குச் சுவரை இடிக்க ஆள் வைத்திருக்கிறேன். காரணம் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம்.

"பஞ்சாயத்துல செட்பேக்கெல்லாம் யாரு சார் பாக்குறா? ரெண்டு பக்கமும் அஞ்சடி விட்டா மிச்சம் இருபதடி. அதுல என்னத்தக் கட்டுறது?" என்றார் கான்ட்ராக்டர். சுற்றியிருந்த வீடுகளும் காம்பவுண்டை ஒட்டியே நின்றதால் நானும் நம்பிவிட்டேன். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநகராட்சிக்கு மட்டுமல்ல, கிராம ஊராட்சிக்கும் பொருந்தும் என்பது நோட்டீஸ் வந்தபிறகுதான் எனக்குத் தெரியும்.

கான்ட்ராக்டருக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்ரூவலுக்கு அவர் ஏற்றிய வரைபடத்தில் முன்னும் பின்னும் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் அழகாக விடப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்தால் அதிகாரி நேரில் வராமலே அனுமதி கிடைத்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் விதிப்படி கட்டுவேன் என்ற உறுதிமொழி வீட்டுக்காரருடையது. என் போனுக்கு வந்த ஓடிபியை அவர் கேட்டார், நான் சொன்னேன். வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது கணக்குப் போட்டபோது புரிந்தது. ஒப்பந்தம் சதுர அடிக்கு 2,300 ரூபாய். வடக்கே விழுங்கிய ஐந்தடி, வீட்டின் நீளம் முப்பதடி, இரண்டு தளம். 300 சதுர அடி கூடுதல். என் மனையின் காலியிடத்தை எனக்கே 6,90,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். சதுர அடிக் கணக்கில் வீடு கட்டக் கொடுப்பவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: இடம் விடுவதால் கான்ட்ராக்டருக்கு வருமானம் குறைகிறது.

பக்கத்து வீட்டு அக்கா முதல் மழையிலேயே சொன்னார். "தம்பி, ஒங்க சன்ஷேட் தண்ணி பூரா எங்க பக்கந்தான் விழுது." கான்ட்ராக்டரிடம் சொன்னால், பைப் வைத்துத் தருகிறேன் என்றார். அக்கா புகார் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே வாரம் வங்கி இன்ஜினியர் டேப்போடு வந்து அளந்தார், வீட்டுக் கடனில் வரவேண்டிய மூன்றாவது தவணை நின்றுபோனது. நோட்டீஸில் 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 56, 57 என்று இருந்தது. வேலையை நிறுத்தவும் அனுமதியை மீறிய பகுதியை அகற்றச் சொல்லவும் அவற்றில் இடம் உண்டு.

வடக்குத் தூண்களில்தான் பீம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தடி உள்ளே புதுத் தூண் எழுப்பி, பாரத்தை அதற்கு மாற்றிய பிறகுதான் வெட்ட முடியும் என்று வேறொரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் கட்டப்போகிறீர்கள் என்றால் வரைபடத்தை நீங்களே டவுன்லோடு செய்து பிரின்ட் எடுங்கள். சர்வேயரை வைத்துக் கல் நட்டு, தூணுக்குக் குழி தோண்டுமுன் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று லீவு போட்டாவது டேப்போடு நில்லுங்கள். அன்று தவறினால் சுண்ணாம்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால் போதும். "அனுமதி பெற்ற வரைபடத்தின்படி மட்டுமே" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். என் ஒப்பந்தத்தில் அது இல்லை.

கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம் என்பதால் ரசீதுகளையும் வாட்ஸப் பேச்சுகளையும் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.