சூரியத் தகட்டு வரிக்கழிவு: சாட்ஸ்வொர்த் வீடொன்றின் மதிப்பீடு

நிலைநிலையாக அறிவிக்கப்படும் மின்வெட்டு கடுமையான ஆறாம் நிலையைத் தொட்டிருந்த 2023-ஆம் ஆண்டில், கூரையில் சூரியத் தகடு பொருத்துவோருக்குத் தென்னாப்பிரிக்க அரசு வரிக்கழிவு அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை பயன்பாட்டுக்கு வந்த புதிய தகடுகளின் விலையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழித்துக்கொள்ளப்பட்டது. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் பணம் போட்டவன் மகன் என்பதால் அவன் பெயரிலேயே கோரினோம்.

நடைமுறையில் குறை சொல்ல அதிகமில்லை. தகடு ஒவ்வொன்றும் குறைந்தது 275 வாட் திறன் உள்ளதாக இருக்க வேண்டியிருந்தது. மின் பாதுகாப்புச் சான்றிதழும், தகட்டின் விலையைத் தனியே காட்டும் விலைச்சீட்டும் தேவைப்பட்டன. பொருத்தித் தந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதியிருந்ததால் விலைச்சீட்டை மாற்றி வாங்க நேர்ந்தது.

சலுகையின் அமைப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. செலவில் பெரும்பகுதியை விழுங்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கழிவு இருக்கவில்லை. மின்சாரத்துக்கு மிகவும் தட்டுப்பாடு வரும் மாலை ஐந்து முதல் ஒன்பது மணி வரையிலோ, பேட்டரி இல்லாத தகட்டால் பயன் ஏறக்குறைய இல்லை. முழு 15,000 ராண்டையும் பெறத் தகட்டுக்கு மட்டுமே 60,000 ராண்ட் செலவிட்டிருக்க வேண்டும். கட்ட வேண்டிய வரியில்தான் கழித்தார்கள் என்பதால், வரி வரம்புக்குக் கீழே ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் சொந்தப் பணத்தில் பொருத்தியிருந்தாலும் அவருக்கு எதுவும் வந்திருக்காது. பொதுச்சுவர் கொண்ட எங்கள் பகுதி இரட்டை வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதிக் கூரைதான். அந்தப் பாதி வடக்கு நோக்கி அமையாவிட்டால் விளைச்சலும் குறையும். (தமிழ்நாட்டு உறவினர்கள் தெற்கே பார்த்து வைக்கச் சொல்வார்கள், இங்கே அது எதிர்த்திசை.)

அரசு மின் நிறுவனமான எஸ்காம் 2008-இல் தொடங்கிய சூரியக் கெய்சர் (வெந்நீர்க் கொதிகலன்) மானியத்தை இதைவிட மேலானதாகக் கருதுகிறேன். வீட்டு மின்கட்டணத்தில் பெரும்பங்கு கெய்சருடையது; அதன் வெப்பக்கம்பி ஒன்றே மூன்று கிலோவாட் அளவுக்கு இழுக்கும். அந்த மானியத்தின் தொகை, கருவி எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதைப் பொறுத்து அமைந்தது. வரிக்கழிவோ, வாங்கிய பொருளுக்குப் பரிசு தந்தது. கெய்சரை நாள் முழுவதும் எரியவிடும் வீட்டுக்கும் அதே பரிசுதான். மாலை நேரப் பயன்பாட்டைக் குறைத்தவருக்கு அதில் ஒரு சென்ட் கூட இருக்கவில்லை.

கழிவின் காலம் முடிந்துவிட்டது. இனித் தகடு வாங்குவோர் முழு விலையையும் தாமே ஏற்க வேண்டும் என்பதால், முதலில் கெய்சரைக் குறித்த நேரத்தில் மட்டும் இயக்கும் நேரக்கருவி ஒன்றைப் பொருத்தி, சில மாதங்கள் மீட்டரைக் கவனித்த பிறகு தகட்டைப் பற்றி யோசிக்கும்படிதான் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவருகிறேன். ஏற்கெனவே தகடு உள்ளவர்கள் அந்தக் கருவியை நண்பகலுக்கு அமைத்தால், பேட்டரி இல்லாமலேயே கூரை மின்சாரம் வெந்நீராகத் தொட்டியில் சேர்ந்துவிடும்.