தனியாக மலையேறுகிறவருக்கு ஜிம்னி: ஜவ்வாது மலையில் ஓட்டிப் பார்த்த வரைக்கும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வண்டி சேர்ந்து போகிற கூட்டத்தில் இருப்பவர் மஹிந்திரா தார் வாங்கலாம், ஃபோர்ஸ் குர்கா வாங்கலாம், கையில் இருக்கும் காசுக்கு எது வருகிறதோ அதை வாங்கலாம். வேலூரிலிருந்து விடியற்காலையில் தனி ஆளாகக் கிளம்பி மலைப்பாதையில் ஏறுகிறவர் என்றால், என் ஓட்டு மாருதி ஜிம்னிக்கு. காரணம் பவரும் இல்லை, பார்வையும் இல்லை, எடை.

ஜிம்னியின் எடை ஏறக்குறைய 1,200 கிலோ. தார் அதைவிட அரை டன் அளவுக்குக் கூடுதல், குர்கா இன்னும் கனம். ஷோரூமில் நிற்கும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. செம்மண் சேற்றில் பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கி, செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாமல், சுற்றுமுற்றும் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் நிற்கும்போது தெரியும். கூட்டமாக வந்திருந்தால் பின்னால் வரும் வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம், கனம் ஒரு பிரச்சினையே இல்லை. தனியாக வந்தவனுக்கு ஜாக்கி, மண்வெட்டி, நாலு கல், இவ்வளவுதான் துணை. அந்தத் துணையை வைத்துக்கொண்டு ஒருத்தனால் மீட்க முடிகிற கனத்தில் வண்டி இருக்க வேண்டும்.

ஒடுகத்தூரைத் தாண்டி மேலே போகும் மண்பாதை ஒன்றில் மழை விட்ட மறுநாள் இதைச் செய்தும் பார்த்தேன். இடது பின்சக்கரம் வண்டித்தடத்தில் இறங்கிவிட்டது. முதலில் நாலு டயரிலும் காற்றை 16 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினேன். ஜாக்கி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை வைத்து, சக்கரத்தைத் தூக்கி, அடியில் பக்கத்து வரப்பில் கிடந்த தட்டைக் கற்களை நெருக்கி அடுக்கி, சக்கரத்துக்கு முன்னால் சேற்றை ஒரு முழ நீளத்துக்குச் சரிவாக வெட்டிவிட்டு, 4எல் (ஃபோர் வீல் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நிலை) போட்டு இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டால், சத்தமே போடாமல் ஏறி வந்துவிட்டது. முக்கால் மணி நேர வேலை. இதே பள்ளத்தில் கனமான டீசல் வண்டி என்றால் டிராக்டர் தேடிக் கீழே இறங்கி நடந்திருக்க வேண்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். 2023 ஜூனில் விலை அறிவித்தபோது 12.74 லட்சத்தில் ஆரம்பித்தது (ஷோரூம் விலை). எந்த மாடலை எடுத்தாலும் ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் கூடவே வருகிறது, இது பெரிய விஷயம். தாரில் 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் விற்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விலை குறைவு என்று அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஜிம்னி தனி சேஸிஸ் மேல் கட்டிய வண்டி, முன்னும் பின்னும் முழு அச்சு, காயில் ஸ்பிரிங், தரையிலிருந்து 210 மி.மீ. உயரம். தாருக்கு 226. அந்த 16 மி.மீ. வித்தியாசத்தை நம் பக்கத்துக் கல்பாதைகளில் நான் பெரிதாக உணரவில்லை. ஆனால் 1,645 மி.மீ. அகலத்தை ஒவ்வொரு வளைவிலும் உணர்ந்தேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையில் எதிரே அரசு பஸ் இறங்கி வரும்போது, பின்னால் போகாமல் ஓரமாக ஒதுங்கியே வழிவிட முடிகிறது.

டிஃப்ரென்ஷியல் லாக், அதாவது ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் வசதி, இதில் கிடையாது. குர்காவில் முன்னும் பின்னும் லாக் உண்டு, தாரில் மேல் மாடல்களில் பின்னால் உண்டு. ஜிம்னி அதற்குப் பதிலாக பிரேக்கை வைத்துச் சமாளிக்கிறது: ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றினால் அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, இழுவையை எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்பும். அப்போது கீழேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள், எடுத்தால் காரியம் கெட்டது. காலை அப்படியே ஒரே அளவில் வைத்திருந்தால் இரண்டு மூன்று நொடியில் வண்டி பிடித்துக்கொண்டு நகரும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 105 குதிரைத்திறன், இழுவை 134 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,000 சுற்றுக்குப் போனால்தான் முழுசாக வரும். தார் டீசலில் 300. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏசி போட்டுக்கொண்டு சாமான் ஏற்றிப் போனால் இரண்டாவது கியருக்கு இறங்காமல் முடியாது. ஸ்டீயரிங் பழைய ஜீப் வகை, வளைத்த பிறகு தானாகத் திரும்பி வருவது குறைவு, நீங்கள்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கல்பாதையில் அதே ஸ்டீயரிங் கையை உதறாமல் இருப்பது நல்லது, வளைவுச் சாலையில் பழகும் வரைக்கும் எரிச்சல். மேனுவலில் ஐந்து கியர்தான், சென்னை-பெங்களூரு சாலையில் நூறைத் தாண்டினால் என்ஜின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். பின்சீட்டை மடக்காமல் 208 லிட்டர் இடம், அதாவது இரண்டு பைக்கு மேல் வைக்க இடமில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த மதிப்புரையை இங்கேயே நிறுத்திவிட்டு வேறு வண்டி பார்க்கலாம்.

தனி ஆளுக்கு இந்த இடம் போதும். பின்சீட்டை மடக்கினால் தண்ணீர் கேன், அடுப்பு, கருவிப் பெட்டி, உடை எல்லாம் அடங்கிவிடும். படுக்க வேண்டுமானால் இடது முன்சீட்டின் தலையணையைக் கழற்றி முழுக்கச் சாய்த்தால் பின்சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மேடு பள்ளம் இருக்கும், மேலே ஒரு தடித்த ஜமுக்காளம் விரித்தால் ஆறு அடிக்குள் இருப்பவருக்குத் தூக்கம் வரும். ஆனால் எங்கே நிறுத்தித் தூங்குகிறோம் என்பது முக்கியம். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, சந்தன மரக் கடத்தலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த வனத்துறை, ராத்திரியில் காட்டோரம் விளக்கை அணைத்து நிற்கும் வண்டியைச் சந்தேகப்படாமல் விடாது. ஊருக்குள் போய், ஒரு வீட்டில் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மலைக்காரர்கள் இதுவரைக்கும் எனக்கு முகம் சுளித்ததில்லை. வழியும் அவர்களிடமே கேளுங்கள், செல்போன் வரைபடத்தில் இருக்கும் பாதியும் மாட்டுத்தடம்தான். ஓடை ஒன்றின் முன்னால் நின்று கேட்டபோது ஒரு பெரியவர், “வண்டி போவும் தம்பி, சாயங்காலம் மழ வந்தா திரும்பி வராது” என்றார். அதைவிடத் தெளிவான வழிகாட்டல் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் ஜிம்னியை நம்பி வீரம் காட்ட வேண்டாம். தார் 650 மி.மீ., குர்கா 700 மி.மீ. ஆழம் வரைக்கும் போகும் என்று கம்பெனிகளே சொல்கின்றன, ஜிம்னி அந்த வகை இல்லை. நடந்து இறங்கிப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே, ஓட்டம் இல்லாத தண்ணீர் என்றால் மட்டும் போவேன். எடை குறைவு என்பது சேற்றில் எவ்வளவு சாதகமோ ஓடும் தண்ணீரில் அவ்வளவு பாதகம், லேசான வண்டியைத்தான் வெள்ளம் முதலில் தள்ளும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததைப் பார்த்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பெட்ரோல் டேங்க் 40 லிட்டர். கம்பெனி கணக்கில் மேனுவலுக்கு லிட்டருக்கு 16.94 கி.மீ., மலையில் லோ ரேஞ்சில் உருட்டினால் எனக்குப் பத்து பதினொன்றுதான் வருகிறது. கண்ணமங்கலம், போளூர், ஜமுனாமரத்தூர், காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி என்று சுற்றி ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வேலூர் திரும்பும் வட்டத்துக்கு ஒரு டேங்க் தாராளம். இருந்தாலும் போளூரிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். காவலூர் என்றதும் ஒன்று. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்துகொண்டிருக்கிறது, அதற்கு வேண்டியதே இருட்டு. கூரை மேல் எல்இடி பட்டை மாட்டிய வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள்.

கூட்டமாகப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாங்களும் நண்பர்களாகச் சேர்ந்து போகிறோம், அது தனி சந்தோஷம், கனமான வண்டிகள் முன்னால் போய்ப் பாதையைச் சோதித்துக் கொடுத்தால் ஜிம்னி பின்னால் சுலபமாக வந்துவிடும். ஆனால் பத்துப் பதினைந்து வண்டி ஈரமான மண்பாதையில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போனால், மறுநாள் அந்தப் பாதையில் பைக் கூடப் போகாது. 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சரியான சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இறந்தது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக இருக்கும் பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. மழை பெய்த மறுநாள் கூட்டமாக ஏறாதீர்கள், தடம் ஆழமாகப் பதிந்துவிட்டால் மண்வெட்டியை எடுத்து மூடிவிட்டு வாருங்கள்.

கூடவே வாங்க வேண்டியதில் முதலாவது காற்றடிக்கும் கம்ப்ரசர். டயர் 195/80 ஆர்15, சின்ன டயர் என்பதால் சாதாரண 12 வோல்ட் கம்ப்ரசரே போதும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையைவிட பேட்டரியில் கிளிப் போடும் வகை நல்லது, வேலூர் வெயிலில் செருகும் வகை இரண்டு டயருக்குள் சூடேறி ஓய்வு கேட்கும். தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பி, 4எச்-இலிருந்து (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல்) 2எச்-க்கு (பின்சக்கரம் மட்டும்) மாற்றிவிடுங்கள். முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப்ரென்ஷியல் நடுவில் இல்லாத அமைப்பு இது, காய்ந்த சாலையில் ஃபோர் வீலில் வளைத்தால் உள்ளே இறுகிக்கொள்ளும்.

பழைய ஜிம்னி பார்க்கிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல் வண்டியைப் பட்டறை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இழுவையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) இரண்டு அச்சிலும் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மண் தரையில் நிறுத்தி 4எல் போடச் சொல்லுங்கள், “அதெல்லாம் நாங்க போட்டதே இல்ல சார்” என்று விற்கிறவர் சொன்னாலும் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.