வளவு வீடா, திண்ணை வீடா, அரிசி ஆலையா?

பழைய கட்டடம் ஒன்றை வாங்கி, ஒரு பாதியில் குடியிருந்து, மறுபாதியை ஊர் மக்களுக்கான கலைக்கூடமாக நடத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தூணையும் தரையையும் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த வாசலுக்குள் யார் கூச்சமில்லாமல் நுழைவார்கள் என்பதுதான். இந்தக் கேள்வியோடு மூன்று வகைக் கட்டடங்களைப் பார்ப்போம்: காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடு, புதுச்சேரித் தமிழ்ப் பகுதியின் திண்ணை வீடு, தஞ்சை மாவட்டத்தில் ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலை.

அமைப்பை மட்டும் பார்த்தால் செட்டிநாட்டு வீட்டை மிஞ்ச முடியாது. முகப்பு, வளவு (அறைகள் சூழ்ந்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும். முன்கட்டில் வகுப்பு, பின்கட்டில் குடித்தனம். இரண்டுக்கும் தனித்தனி வாசல். ஒரு சுவர்கூட இடிக்க வேண்டாம். முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் பர்மாத் தேக்கும் சித்திரை வெயிலிலும் குளுமை தரும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை கண்ணுக்கு அழகு, ஆனால் கடினம். அதில் நாள்தோறும் அடவு பயிலும் பிள்ளைகளின் குதிகாலும் முழங்காலும் நோகும். மேலே மரத்தளம் போட்டால் அந்த அழகு மறைந்துவிடும்.

பெரிய சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிவாரியாக, அதாவது மணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும் ஒரு பங்காக, பிரிந்தவை. அந்தப் பங்காளிகள் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் முழு வீடும் உங்கள் பெயருக்கு வராது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுகிற வீட்டை விற்க மனம் வராதவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் கிரயத்தைவிட நீண்டகாலக் குத்தகையே நடக்கக்கூடியது. இப்படி இழுபறியில் கிடந்த எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கதவும் தூணுமாக விலைபோயின. ஒரு வீட்டையாவது அந்த விதியிலிருந்து காப்பாற்றினால் அது பெரிய காரியம்.

புதுச்சேரித் திண்ணை வீடு சிறு குடும்பத்துக்கு ஏற்றது. திண்ணையில் ஓவிய வகுப்பு நடத்தலாம், முற்றத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்து பாடலாம். அங்கே பழைய வீடுகளைச் சீர்செய்யும் அனுபவமும் ஊரில் உண்டு. வைசியாள் வீதிச் சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையை மட்டும் ஏமாறாமல் பார்க்க வேண்டும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும், வெளியே தெரியாது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரை உதிரும். கவனிப்பு தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம்) காட்டியது. இந்த வீட்டில் பறையும் தவிலும் நடக்காது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அரிசி ஆலையை யாரும் ஆசையோடு பார்ப்பதில்லை. தகரக் கூரை, கரிபிடித்த சுவர், எலி. ஆனாலும் என் தேர்வு அதுதான். செட்டிநாட்டு வளவுக்குள்ளும் திண்ணை வீட்டின் உள்கட்டுக்குள்ளும் எல்லாச் சாதிக்காரர்களும் கால் வைத்ததில்லை. அந்தத் தயக்கம் இன்னும் தெருவில் நிற்கிறது. ஆலைக்கு நெல் மூட்டையோடு ஊர் முழுக்க வந்திருக்கிறது. களத்தில் நெல் காயவைத்த பெண்ணின் பேத்தி அங்கே கூத்துக் கற்க வர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெல் உலர்த்திய களமே திறந்தவெளி அரங்காகும். தெருக்கூத்துக்கு வேண்டியதும் அப்படி ஒரு தரைதான்.

குடியிருப்பைக் கூடத்துக்குள் திணிக்கக் கூடாது. ஆலையின் அலுவலக அறையையும் கிடங்கையும் வீடாக்கி, கூடத்தைக் கூடமாகவே விட வேண்டும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் குழி, நெல் ஊறவைத்த தொட்டிகள், தரையில் துருத்தி நிற்கும் இயந்திரப் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மூட வேண்டும். அவற்றின் மேலேயே மரத்தளம் போட்டால் ஆட்டத்துக்கு நல்ல தரை கிடைக்கும். மழை பெய்தால் தகரத்தின் ஓசையில் பாட்டு கேட்காது. மங்களூர் ஓட்டுக்கு மாற்றலாம், ஆனால் இரும்புச் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரொலிக்குச் சுவரில் கோரைப்பாய் தொங்கவிட்டாலே பாதி குறையும்.

தாள் வேலையும் உண்டு. பல ஆலைகள் வங்கிக் கடனில் மூழ்கி நின்றவை, எனவே வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் முன்பணம் தரக்கூடாது. பழைய மின் கட்டண நிலுவை புதிய இணைப்புக்குத் தடையாக வந்து நிற்கலாம். தொழிற்சாலைப் பயன்பாட்டிலிருந்து மாற்றுவதற்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். வீட்டுக்கும் கூடத்துக்கும் தனித்தனி மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு நிலையில் நான் ஆலையை விட்டுவிடுவேன். கூரை தகரமாக இல்லாமல் உடைந்து உதிர்கிற ஆஸ்பெஸ்டாஸாக இருந்து, அதை முறையாக நனைத்து, முழுத் தகடுகளாக இறக்கி அப்புறப்படுத்தப் பணம் இல்லையென்றால், அந்தத் தூசியில் பிள்ளைகளை மூச்சுவிட வைக்க முடியாது. அப்போது புதுச்சேரித் திண்ணையே போதும். பறை வகுப்பைக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாம்.