வாட்ஸ்அப்பில் தவறாகச் சொன்னதைச் சரிசெய்ய: எடிட், டெலிட், ரிப்ளை ஒரு மதிப்பீடு

"மீட்டிங் 6 மணிக்கு" என்று அனுப்பியாயிற்று. மனதில் இருந்ததோ 7. அல்லது, விளையாட்டாக எழுதிய ஒரு வரியை அந்தப் பக்கம் குத்தலாக எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட நேரங்களுக்கு வாட்ஸ்அப் மூன்று வசதிகள் தருகிறது. குழப்பத்துக்குக் காரணமானவர் அதைத் தன் பொறுப்பாக ஏற்க எது இடம் கொடுக்கிறது என்று பார்த்தால், மூன்றுக்கும் நடுவே நிறைய தூரம்.

மோசமானது டெலிட். 2017-இல் வந்தபோது அனுப்பிய 7 நிமிடத்துக்குள் எல்லோருக்குமாக அழிக்கலாம் என்றிருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த அவகாசம் 2 நாள் 12 மணி நேரமாக நீண்டது. அழித்த இடத்தில் மெசேஜ் நீக்கப்பட்டது என்ற குறிப்பு அப்படியே நிற்கும். அதைப் பார்த்தவர் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பிப்பார். யோசனை பெரும்பாலும் எழுதியதைவிட மோசமான பக்கம்தான் போகும். அழிந்ததா என்பதும் நிச்சயமில்லை. அந்தப் பக்கம் அழியாமல் போனால் உங்களுக்கு அறிவிப்பு வராது. ஐபோனில் சேமிக்கப்பட்ட படம் போட்டோஸில் தங்கிவிடலாம். ஆண்ட்ராய்டு 11 முதல், வந்த அறிவிப்புகளைச் சேர்த்து வைக்கும் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரியை ஆன் செய்து வைத்திருப்பவர், அழித்த வரியை அங்கே படித்துவிடலாம். தவறான ஆளுக்குப் போன மெசேஜுக்கு டெலிட் சரி. அப்போதும் "வேறொருவருக்கு எழுதியது, மாறி வந்துவிட்டது" என்று உடனே ஒரு வரி போட்டுவிட வேண்டும்.

2023 மே மாதம் வந்த எடிட் வசதி பார்க்க நாகரிகமாக இருக்கிறது. மெசேஜை அழுத்திப் பிடித்து, ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளி மெனுவிலும் ஐபோனில் அங்கேயே திறக்கும் மெனுவிலும் எடிட்டைத் தொட்டால் போதும். அவகாசம் 15 நிமிடம். எழுத்துப் பிழைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நேரம், தொகை, முகவரி என்றால்தான் சிக்கல். திருத்தியதற்குப் புதிதாக நோட்டிஃபிகேஷன் போகாது. 6 என்று படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தவர் 6 மணிக்கே வந்து நிற்பார். சாட்டில் 7 என்று இருக்கும். பக்கத்தில் திருத்தப்பட்டது என்ற சிறு குறி இருந்தாலும், முன்பு என்ன இருந்தது என்று யாராலும் பார்க்க முடியாது. பிழை எழுதியவருடையது, பழி படித்தவர் தலையில். சிக்னல், ஐமெசேஜ் ஆகிய மற்ற மெசேஜ் செயலிகளில் திருத்தத்தைத் தொட்டால் பழைய வடிவம் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் வாட்ஸ்அப் பின்தங்கித்தான் இருக்கிறது.

டிக் இன்னும் சாம்பல் நிறத்தில்தானே இருக்கிறது என்று நம்பி எடிட் செய்வதும் ஆபத்து. படித்ததைக் காட்டும் ரீட் ரெசிப்டை அணைத்தவர் படித்தாலும் தனி சாட்டில் ப்ளூ டிக் வராது. மேலே வரும் நோட்டிஃபிகேஷனிலேயே படித்து முடிப்பவர்கள் ஏராளம். குரூப்பில் எல்லோரும் படித்த பிறகுதான் டிக் நீலமாகும்.

உருப்படியாக உதவுவது, இருப்பதிலேயே பழைய வசதியான ரிப்ளை. உங்கள் மெசேஜையே வலப்பக்கம் இழுத்து, அதற்கு நீங்களே பதில் எழுதலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பழைய வரி மேலே தெரியும், திருத்தம் கீழே நிற்கும், புது நோட்டிஃபிகேஷனும் போகும். எழுதும் வரியில் மூன்று விஷயம் வேண்டும்: எது தப்பு, எது சரி, அவர் என்ன செய்ய வேண்டும். "6 மணின்னு தப்பா போட்டுட்டேன். மாலை 7 மணி. கிளம்பிட்டீங்களான்னு சொல்லுங்க." இவ்வளவு போதும். "நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க" என்று தொடங்கினால் திருத்தமே அடுத்த சண்டையாகிவிடும். "அப்படிப் புரிஞ்சிருந்தா ஸாரி" என்பதும் அதே குற்றச்சாட்டுதான், கொஞ்சம் பவுடர் பூசி வருகிறது. "நான் தெளிவா எழுதல, நான் சொல்ல வந்தது இது" என்பதில் வாதாட எதுவுமில்லை.

குரூப்பில் திருத்தம் மற்ற மெசேஜ்களுக்கு அடியில் புதைந்துவிடும். அட்மின் அனுமதித்திருந்தால் அதை 'பின்' (pin) செய்து சாட்டின் மேலேயே நிறுத்திவிடுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். யாரைப் பாதிக்குமோ அவர் பெயரை @ போட்டுச் சேர்க்கவும். பிறகு திருத்தத்தை அழுத்திப் பிடித்து இன்ஃபோவில் பார்த்தால் யார் படித்தார்கள் என்று தெரியும். படிக்காதவரைத் தேடிப் போய்ச் சொல்வது அனுப்பியவர் வேலை.

கட்டைவிரல் ரியாக்‌ஷனை மட்டும் நம்ப வேண்டாம். அது "பார்த்தேன்" என்றும் இருக்கலாம், "சம்மதம்" என்றும் இருக்கலாம். பணமோ தேதியோ சம்பந்தப்பட்டிருந்தால் "எந்த நாள், எத்தனை மணின்னு ஒருமுறை சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பது கொஞ்சம் அசடாகத் தோன்றும், பரவாயில்லை.

மனத்தாங்கல் என்றால் மூன்று வசதியும் உதவாது. எழுத்தில் தொனி வராது. விளக்கம் நீள நீள நியாயப்படுத்துவது போலவே தெரியும். இரண்டாவது பதிலும் சூடாக வந்தால் டைப் செய்வதை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். பேசி முடித்ததும் முடிவானதை ஒரே வரியில் அதே சாட்டில் போட்டு வையுங்கள். இல்லையென்றால் இருவரும் ஆளுக்கொரு முடிவை நினைவில் வைத்திருப்பார்கள்.