முதலுதவி வகுப்பு: பொம்மைக்கு முழு மதிப்பெண், ஸ்லைடுக்குப் பாதி

எங்கள் பட்டறைக்கு வந்து ஒரு நாள் முழுக்க முதலுதவி வகுப்பு எடுத்துவிட்டுப் போன தன்னார்வ அமைப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பெயர் போடப் போவதில்லை. பாராட்டும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது, எதுவும் அந்தக் குழுவுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை. தொழிற்சாலை இருக்கிற ஊர் என்றால் இப்படி ஓர் அமைப்பு எங்காவது ஒரு மூலையில் இருக்கும்: சின்னதாக ஒரு கட்டடம், மடக்கி வைத்த ஸ்ட்ரெச்சர், பூட்டிய இரும்பு அலமாரி, சுவர் நிறைய முன்னாள் தலைவர்களின் படம்.

அந்தப் படங்களில் இருந்துதான் என் குறை ஆரம்பிக்கிறது. காலையில் முப்பது பேரை உட்கார வைத்துவிட்டு முதல் முக்கால் மணி நேரம் "நமது அமைப்பின் வரலாறு" என்று ஸ்லைடு ஓட்டினார்கள். வரலாறு என்றால் என்ன? இந்த ஆண்டு இவர் தலைவர், இவர் செயலாளர், இவர் பொருளாளர், இது பதவியேற்பு விழா, இது கேடயம் வாங்கியபோது எடுத்தது, இது அடுத்த பதவியேற்பு விழா. படத்தில் இருப்பவர்கள் எல்லாம் நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும், ஆனால் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்து உட்கார்ந்திருப்பவனுக்கு இதைக் காட்டினால் அவன் என்ன செய்வான்? பின்வரிசையில் நாலு பேர் தூங்கியே விட்டார்கள். நானும் பாதிக் கண்ணில்தான் இருந்தேன்.

அப்புறம் மைக்கை வாங்கியவர் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர். வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. ஸ்லைடை நிறுத்தச் சொன்னார், பையில் இருந்து துணி அட்டை போட்ட ஒரு பழைய நோட்டை எடுத்து மேசையில் வைத்தார், "இதை அப்புறம் பார்ப்போம், முதல்ல ஒரு கேள்வி, கால்பந்து பார்க்கிறவங்க எத்தனை பேர்?" என்றார். தூங்கினவர்களில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

அவர் சொன்ன கதையை வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன், சரியாகவே இருக்கிறது. லண்டனை ஒட்டி தேம்ஸ் கரையில் உல்விச் என்று ஓர் ஊர். பீரங்கியும் குண்டும் செய்கிற அரசு ஆயுதத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1886இல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த அணிதான் பின்னாளில் ஆர்சனல் ஆனது, பெயரே ஆயுதசாலை என்பதுதான். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1878இல், அதே ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவரும் பிரான்சிஸ் டங்கன் என்ற பீரங்கிப் படை அதிகாரியும் சேர்ந்து சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். ரத்தத்தை எப்படி நிறுத்துவது, முறிந்த எலும்பை ஆடாமல் எப்படிக் கட்டுவது, மயங்கிக் கிடப்பவனை எப்படித் தூக்குவது என்பதெல்லாம் அதுவரைக்கும் ராணுவத்துக்கும் டாக்டருக்கும் உரிய சங்கதி. அதைப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்பதே அப்போது புதுசு. அதற்கு முந்தின வருஷம், 1877இல், இந்த மாதிரிப் பயிற்சி கொடுப்பதற்கென்றே செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கிருந்து சுரங்கம், ரயில்வே, காவல்துறை என்று இந்த வகுப்புகள் பரவின. 1887இல் அதே அமைப்பின் கீழ் சீருடைப் படைப்பிரிவும் வந்துவிட்டது.

ஷெப்பர்ட் இதில் எதையும் பார்க்கவில்லை. வகுப்பு ஆரம்பித்த அடுத்த வருஷமே, 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவில் இசாண்டல்வானா போரில் இறந்துபோனார். தப்பித்துப் போகிற வழியில் காயம்பட்டுக் கிடந்த ஒரு வீரனைக் கவனிக்க நின்றார், ஈட்டி பாய்ந்தது என்று சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது ஃபிட்டர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. "அவர் நின்னார். நாமளும் நிக்கணும்னு சொல்ல வரல. முதல்ல நமக்கு ஆபத்து இருக்கான்னு பாருங்க, மெயினை அணைச்சீங்களான்னு பாருங்க, அப்புறம் நில்லுங்க" என்றார். இப்படிச் சொல்கிற ஆள் எனக்குப் பிடிக்கும். தியாகம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, மெயினை அணை.

அடுத்து அந்த நோட்டு. அது அவர்களுடைய பழைய பணிக் குறிப்பேடு. யாருக்கு, எங்கே, என்ன காயம், யார் கட்டுப் போட்டார் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். மை மங்கிப் போயிருந்தது, சில பக்கத்தில் எண்ணெய்க் கறை, ஒரு பக்கத்தின் ஓரத்தில் காய்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம், அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. "இடது சுட்டுவிரல், பிரஸ், கட்டுப் போட்டு அனுப்பியது." "கண்ணில் இரும்புத் தூள், தேய்க்க விடவில்லை, இரண்டு கண்ணையும் மூடிக் கட்டி அனுப்பியது." "பாய்லர் அருகே மயக்கம், நிழலில் கிடத்தியது, தானே எழுந்து வேலைக்குப் போனார்." கட்டுப் போட்டவர் என்ற இடத்தில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் இருக்கிறது: டர்னர், மோல்டர், ஃபிட்டர், ஸ்டோர் கீப்பர். தலைவர் என்றோ செயலாளர் என்றோ ஒரு வரியில்கூட இல்லை. அவர்களில் பலர் பதவியிலும் இருந்திருக்கலாம், ஆனால் கட்டுப் போடுகிற நேரத்தில் டர்னர் டர்னர்தான்.

இதைத்தான் ஸ்லைடில் போட்டிருக்க வேண்டும் ஐயா! முக்கால் மணி நேரம் பதவியேற்பு, மூன்று நிமிடம் குறிப்பேடு. கணக்கு தலைகீழாக இருந்திருந்தால் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். இடைவேளையில் அந்த நோட்டைச் சுற்றித்தான் கூட்டம், அவரவர் தன் மெஷின் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேத்தில் பட்ட காயங்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன என்பதைக் கண்டுபிடித்து எங்கள் லேத்காரர் ஒருவர் முகம் சுண்டிப்போனார்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அமுக்குகிற பயிற்சி அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தியரி பத்தே நிமிடம்தான், மீதி நேரம் பொம்மை மேல் கை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது போக வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது, முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சு. காகிதத்தில் படிக்கிறபோது இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பொம்மைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து செய்து பாருங்கள், ஐந்து சென்டிமீட்டர் எவ்வளவு ஆழம் என்று அப்போது தெரியும். சரியாக அமுக்கினால் உள்ளே இருந்து டக்கென்று ஒரு சத்தம் வரும். எனக்கு முதல் இருபது தடவை அந்தச் சத்தமே வரவில்லை. "தம்பி, நீங்க தட்டிக் கொடுக்கறீங்க. முழங்கையை மடக்காதீங்க, தோளை நேரா மேல கொண்டுவாங்க, உடம்பு எடை இறங்கட்டும்" என்றார் ஃபிட்டர். தோளை நேராகக் கொண்டுவந்ததும் டக், டக், டக். இரண்டு நிமிடத்தில் நெற்றி வியர்வை பொம்மை மேல் சொட்டியது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள், மூன்றாவது நிமிடம் நீங்கள் அமுக்குவது அமுக்கலே இல்லை.

அந்தப் பொம்மைக்கும் ஒரு கதை இருக்கிறது, அதையும் அவரே சொன்னார். மார்பைத் திறக்காமல் வெளியில் இருந்தே அமுக்கி ரத்த ஓட்டத்தைக் காப்பாற்ற முடியும் என்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1960இல் எழுதினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் நார்வேயில் அஸ்மண்ட் லேர்டால் என்ற விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் பழகிப் பார்ப்பதற்கென்றே ஆள் உயரப் பொம்மை செய்தார். முகத்துக்கு அவர் எடுத்தது பாரிஸில் சேன் நதியில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகமூடி. யாருமே காப்பாற்றாத ஒரு பெண்ணின் வாயில் உலகமே மூச்சு ஊதிப் பழகியிருக்கிறது என்று எங்கள் சூப்பர்வைசர் சொன்னார். அதற்கப்புறம் அந்த மூஞ்சியை நேராகப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

முக்கோணத் துணி பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சதுரத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கட்டு. விரித்தால் கைத்தூளி, மடித்தால் பட்டைக் கட்டு, இன்னும் மடித்தால் திண்டு. ஜெர்மனியில் கீல் நகரத்து அறுவை மருத்துவர் எஸ்மார்க் பிரபலமாக்கிய சாமான், ஒன்றரை நூற்றாண்டாகியும் அதற்கு மாற்று வரவில்லை. முடிச்சு மட்டும் காயத்தின் மேலேயோ கழுத்து எலும்பின் மேலேயோ உட்காரக் கூடாது, வலதை இடது மேல் போட்டு அப்புறம் இடதை வலது மேல் போட்டால் தட்டையாக இருக்கும், நழுவாது. பட்டறையில் கயிறு கட்டிப் பழகியவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை, அலுவலகத்தில் இருந்து வந்தவர்கள்தான் திணறினார்கள். அன்றைக்கு அந்த ஒரு சந்தோஷம் எங்களுக்கு.

இனி குறைகள். முப்பது பேருக்கு ஒரே ஒரு பொம்மை என்பது கொஞ்சமும் போதாது, கடைசி ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. கையில் கொடுத்த துண்டுப் பிரசுரம் பழசு: மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்கிறது. வகுப்பில் அதற்கு நேர் எதிராகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட வேண்டும். அதுதான் சரி. பின்னால் சாய்த்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். கேட்டதற்கு "அச்சடித்தது மிச்சம் இருக்கு சார்" என்றார்கள். மிச்சம் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள், இது வேறொருவர் வீட்டுச் சுவரில் ஒட்டப்படுகிற காகிதம். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவியைப் படத்தில் மட்டுமே காட்டினார்கள், கையில் கொடுக்கவில்லை. இன்னொன்று, மெஷின் ஓடுகிற இடத்துக்கு வந்துவிட்டுத் துண்டான விரலுக்கு ஐந்து நிமிடம்தான் ஒதுக்கினார்கள். அந்த ஐந்து நிமிடமும் உருப்படியாகத்தான் இருந்தது. விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும், விரல் நேராக ஐஸில் படக் கூடாது. பாதி விரல் உள்ளவர் இதைச் சொன்னபோது, "அண்ணே, உங்க விரலை அன்னைக்கு என்ன பண்ணாங்க?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். "ஐஸ்லயே போட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு வகுப்பு முடியும் வரை யாரும் செல்போனை எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்து மூன்றாவது வாரம் எங்கள் ஆள் ஒருவர் வெல்டிங் முடித்த பிளேட்டை ஆறியிருக்கும் என்று நினைத்து வெறுங்கையால் பிடித்துவிட்டார். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள், பற்பசையோடு ஒருவர் ஓடியே வந்துவிட்டார். நான் அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய், கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் என்று வகுப்பில் சொன்னபோது சாதாரணமாகத்தான் இருந்தது. நின்று பாருங்கள், முடியவே முடியாது. நாலாவது நிமிடம் "போதும்பா" என்றார், ஏழாவது நிமிடம் திட்டினார், பத்தாவது நிமிடம் சூப்பர்வைசர் வந்து தண்ணீர் வீணாகிறது என்று முனகினார் (பொம்மையின் முகத்தைப் பார்த்து உருகிய அதே சூப்பர்வைசர்தான்). இருபது முடிந்தபிறகு ஒட்டாத சுத்தமான பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கொப்புளம் வந்தது, ஆனால் பத்து நாளில் வேலைக்கு வந்துவிட்டார். தண்ணீர் காட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பற்பசை போடாமல் தடுத்ததில் எனக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது ஸ்லைடுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும். உங்கள் ஆலைக்கு இப்படி ஓர் அமைப்பைக் கூப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே பேசி இரண்டு பொம்மையாவது கொண்டுவரச் சொல்லுங்கள், ஆட்களைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து அனுப்புங்கள், இரவு ஷிப்ட் முடித்தவர்களைத் தயவுசெய்து காலை வகுப்பில் போடாதீர்கள். முழங்காலில் உட்கார வேண்டியிருக்கும், இறுக்கமான கால்சட்டை வேண்டாம். தலைவர்கள் படம் ஓடும்போது பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய பணிக் குறிப்பேடு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களிடம் வந்தவர்களுக்கு இன்னும் பதினோரு நோட்டு அலமாரியில் இருக்கிறதாம், சாவிதான் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.